பன்னிரண்டு அடிக் குழி

குடவாசலுக்கு மேற்கே, மினி பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊரில், இன்ஜின் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். வாய்க்கால் ஓரமாக வைத்து, பெல்ட் மாட்டி, டீசல் ஊற்றினால் தண்ணீர் இறைப்பது. ஆகவே, மருதையன் மகன் இளம்பரிதி சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, மாடி அறையில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு இன்ஜின் செய்கிறான் என்ற செய்தி பரவியபோது ஊர் அதை மரியாதையோடுதான் ஏற்றுக்கொண்டது.

"எத்தனை ஹெச்.பி. தம்பி?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"இது அந்த இன்ஜின் இல்லீங்க. கேம் இன்ஜின்."

"இருக்கட்டுமே. எத்தனை அடி ஆழத்துலேருந்து இழுக்கும்?"

இளம்பரிதி பொறுமைசாலி. எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் பழக்கம். போனில் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதில் ஒருவன் குதிக்கிறான். குதித்தவன் கீழே விழ வேண்டும், சுவரில் மோதினால் நிற்க வேண்டும், வெயில் அடித்தால் அவனுக்கு நிழல் விழ வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொரு விளையாட்டுக்கும் புதிதாக எழுதிக்கொண்டிருக்க முடியாது. எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக அடியில் ஒன்று ஓட வேண்டும். அதுதான் கேம் இன்ஜின்.

கேட்டவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப, ஒருத்தன் கீழ விழுறதுக்கு ஒரு இன்ஜினா? நம்ம ஊர்ல அது இல்லாமலே சாயங்காலம் ஆனா விழுந்துகிட்டுதானே இருக்கானுவோ?"

இப்படியாக அந்த இன்ஜினைப் பற்றிய முதல் விமர்சனம் வெளியானது. பிற்பாடு வந்த விமர்சனங்களோடு ஒப்பிட்டால் இதுதான் விஷயம் தெரிந்து சொல்லப்பட்டது.

இளம்பரிதி பாலிடெக்னிக்கில் படித்தது மெக்கானிக்கல். கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டது தானாக, பிறர் எழுதி வைத்ததைப் பிரித்துப் பார்த்து. சென்னையில் ஒரு விளையாட்டு கம்பெனியில் சேர்ந்து, உலகமே பயன்படுத்துகிற பெரிய இன்ஜின் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தான். அந்த இன்ஜினில் எல்லாம் இருந்தது. இருந்தது மட்டுமல்ல, எல்லாம் கூடவே வந்தது. ஒரு பலூன் உடைக்கிற விளையாட்டுக்குக்கூட போர்க்கப்பல் ஓட்டுவதற்கு வேண்டிய சாமானெல்லாம் அடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவன் செய்த பலூன் விளையாட்டை ஊருக்கு வந்து அப்பாவின் போனில் போட்டான். போன் சூடாகி, திரை வெளுத்து, அணைந்தது. "நல்லா இருக்குப்பா. கடைசில எல்லாம் வெடிச்சிருச்சு" என்றார் மருதையன்.

அன்றைக்குத்தான் தீர்மானித்தான்: மலிவான போனிலும் பழைய கணினியிலும் ஓடக்கூடிய சின்ன இன்ஜின் ஒன்றைத் தானே எழுதுவது. அதற்கு 'மடை' என்று பெயர் வைத்தான். வேண்டிய அளவு திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். பொருத்தமான பெயர்தான்.

அவன் மனைவி சுடர்விழி குடவாசலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "பெரிய இன்ஜின்ல வேலை செய்யறவங்கள டெவலப்பர்ங்கிறாங்க. மடையில வேலை செய்யறவர எப்படிங்க கூப்பிடறது?"

இளம்பரிதி யோசிக்க ஆரம்பித்தான்.

"யோசிக்காதீங்க. அந்த வார்த்தை ஏற்கெனவே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பெயரால் வந்த கஷ்டம் அதோடு நிற்கவில்லை. இணையத்தில் 'மடை திறப்பது எப்படி' என்று தேடினால் மேட்டூர் அணையின் நீர்மட்டம் வந்தது. 'மடை வேலை செய்யவில்லை' என்று தேடினால் விவசாயிகள் சாலை மறியல் வந்தது. சந்தேகம் கேட்பதற்கென்று அவன் ஒரு பக்கம் திறந்து வைத்திருந்தான். அதில் முதல் ஆளாகச் சேர்ந்தவர் பேராவூரணிப் பக்கத்து விவசாயி வீரமணி. "ஐயா, எங்கள் மடையின் பலகை போன வருடமே உடைந்துவிட்டது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. தயவுசெய்து ஆவன செய்யவும்" என்று எழுதியிருந்தார். இளம்பரிதி அதை அழித்திருக்கலாம். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடக் கூடாது என்று அவனே விதி வைத்திருந்ததால், யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று விசாரித்துப் பதில் எழுதினான். பதில் வருகிறது என்று தெரிந்ததும் வீரமணி பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் மடை இன்ஜினின் பயனர் மன்றம் டெல்டாவிலேயே சுறுசுறுப்பான பாசனக் குறைதீர்ப்பு மன்றமாக ஆகிவிட்டது. இன்ஜினைப் பற்றிய கேள்விகளை மட்டும் இளம்பரிதியே வேறு பெயரில் கேட்டு, தன் பெயரில் பதில் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

பெரிய இன்ஜின்கள் இரண்டு மூன்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சண்டை என்றால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. ஒன்று தன்னை இலவசம் என்று அறிவித்தால், மற்றது பாடத்தையும் இலவசம் என்றது. இன்னொன்று மரம், மாடு, மலை, மாளிகை எல்லாவற்றையும் ஆயத்தமாகச் செய்து சந்தையில் கொட்டி வைத்தது. மடையும் இலவசம்தான். ஆனால் இலவசத்திலும் பெரிய இலவசம், சின்ன இலவசம் என்று உண்டு. கல்லூரிகள் பெரிய இன்ஜினைக் கற்றுக்கொடுத்தன, ஏனென்றால் கம்பெனிகள் அதைத்தான் கேட்டன. கம்பெனிகள் அதைக் கேட்டன, ஏனென்றால் கல்லூரியிலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் தெரிந்தது. இந்த வட்டத்துக்குள் எங்கே நுழைவது என்று இளம்பரிதி வெகுநாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வட்டத்துக்கு வாசல் வைப்பதில்லை.

அதைவிடக் கொடுமை, இருந்த இடத்தில் நிற்பதற்கே ஓட வேண்டியிருந்தது. போன் கம்பெனிகள் வருடாவருடம் உள்ளே எதையாவது மாற்றும். செயலிகளை விற்கிற கடைகள் புது விதி போடும். விதியை ஏற்காத விளையாட்டைக் கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள். பெரிய இன்ஜின்காரர்களுக்கு இதைப் பார்த்துக்கொள்ளவே தனித்தனிக் கூட்டம் உண்டு. மடைக்கு இளம்பரிதி மட்டும்தான். புதிதாக ஒரு வசதி சேர்க்கலாம் என்று உட்காருவான். போன வருடம் வேலை செய்ததை இந்த வருடமும் வேலை செய்ய வைப்பதிலேயே அந்த வருடம் முடிந்துவிடும். விளையாட்டுக்குள் விளம்பரம் காட்டும் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பித்தான். எந்த இன்ஜின் என்று கேட்டார்கள். வரிசையில் மடை இல்லை. 'மற்றவை' என்பதை அழுத்தினான். வெள்ளையாக ஒரு பக்கம் திறந்தது. உலகத்தில் தனக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தை இளம்பரிதி முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

இத்தனைக்கும் நடுவே மடைக்கு உண்மையான பயனர் ஒருவர் இருந்தார். தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேல்மாடியில் விளையாட்டு செய்துகொண்டிருந்த ஜாபிர். அவனிடம் இருந்த கணினிகள் பெரிய இன்ஜினைத் தாங்காது. மடை தாங்கியது. கும்பகோணத்திலிருந்து கிராமங்களுக்குள் மினி பஸ் ஓட்டுகிற ஒரு விளையாட்டைச் செய்தான். ஆடு குறுக்கே வரும், நெல் காயும் ரோட்டில் ஒதுங்கிப் போக வேண்டும், படியில் தொங்குகிறவர்களை உள்ளே போகச் சொல்ல வேண்டும். அவர்கள் போக மாட்டார்கள். அவன் அதைச் சின்ன அளவில் வெளியிட்டதும், பெங்களூரில் விளையாட்டுகளை வாங்கிப் பெரிதாக வெளியிடுகிற ஒரு கம்பெனி தேடி வந்தது.

"அண்ணே, மாட்டிடுச்சு!" என்று போனில் கத்தினான் ஜாபிர். "வெளியே வந்தா, முதல் திரையில உங்க மடை பேருதான் வரும். ஊரே பாக்கும். அப்புறம் பாருங்க."

"முதல்ல வெளியே வரட்டும்" என்றான் இளம்பரிதி. ஆனால் அன்றிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது என்று சுடர்விழி சொல்வாள். இந்த ஒரு விளையாட்டு மடையிலேயே வெளிவந்துவிட்டால் மடை பிழைத்துக்கொள்ளும். ஜாபிரும் போய்விட்டால் மிஞ்சுவது வீரமணியும் உடைந்த பலகையும்தான்.

பெங்களூர்க் கம்பெனி, சாலையையும் ஊர்களையும் இன்னும் அழகாக்குவதற்கு சூர்யபிரகாஷ் என்ற கலைஞரை நியமித்தது. கோயம்புத்தூர்க்காரர், நன்றாகத் தமிழ் படிக்கத் தெரிந்தவர். மடையின் கையேடு தமிழில் மட்டுமே இருந்ததால் அவரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. தமிழே தெரியாதவராக இருந்திருந்தால் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டிருப்பார்.

மற்ற இன்ஜின்களில் தரையை மீட்டரில் அளப்பார்கள். மடையில் குழியில் அளக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்துக்கு அதுதான் கணக்கு: பன்னிரண்டடிக் கோல் ஒன்று நீளம், ஒன்று அகலம் போட்டால் ஒரு குழி, நூறு குழி ஒரு மா. மருதையன் பாதி வாழ்நாள் பிறத்தியார் வயலில் அறுத்தவர். கடைசியில் தனக்கென்று இரண்டு மா வாங்கி, கோல் பிடித்து அளந்தபோது இளம்பரிதி கூடவே நடந்திருக்கிறான். இன்ஜின் எழுத உட்கார்ந்த அன்று, தரையின் ஒரு கட்டம் எவ்வளவு என்று முடிவு செய்ய அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஜாபிர் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறான். "அண்ணே, சந்தையிலேருந்து ஒரு கோழி எடுத்துப் போட்டேன். அவங்க மீட்டர்ல செஞ்ச கோழி. நம்ம மடையில கண்டக்டர் தோள் வரைக்கும் நிக்குது. மீட்டருக்கு மாத்திடுங்களேன்."

"கோழியச் சின்னதாக்கு" என்பான் இளம்பரிதி.

சூர்யபிரகாஷ் கையேட்டைக் கவனமாகப் படித்தார். 'ஒவ்வொரு நிறுத்தத்துக்கு முன்னும் இரண்டு குழி விடவும்.' 'இரண்டு ஊருக்கு நடுவில் குறைந்தது நூறு குழி இருக்க வேண்டும்.' 'வளைவுகளில் கூடுதலாக நான்கு குழி தருவது நல்லது.' அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது, இளம்பரிதியைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, ஒரு குழி எவ்வளவுங்க?"

தன் கையேட்டை ஒரு மனிதர் படித்திருக்கிறார் என்ற மகிழ்ச்சியில் இளம்பரிதி நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டான். "பன்னண்டு அடிங்க."

"அவ்வளவு பெருசுங்களா?"

"எங்க பக்கம் அதுதாங்க வழக்கம்."

"ரோட்டுலயுமுங்களா?"

"ரோடு, வயல், வீட்டு மனை, எல்லாத்துக்கும் ஒரே குழிதாங்க."

எதிர்முனையில் அவர் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "சிரமம்தானுங்க" என்றார் சூர்யபிரகாஷ், உண்மையான அனுதாபத்தோடு.

விளையாட்டைக் கம்பெனியின் மேலதிகாரிகளுக்குக் காட்டுகிற நாள் வந்தது. தஞ்சாவூர் மாடியில் ஜாபிரும் இளம்பரிதியும் திரைக்கு முன் உட்கார்ந்தார்கள். பெங்களூரில் ஒருவர் பஸ்ஸை எடுத்தார். கும்பகோணம் நிலையத்தை விட்டு பஸ் வெளியே வந்தது. காலை வெயில், தென்னை, வாய்க்கால், எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. அப்புறம் பஸ்ஸைக் காணவில்லை. பன்னிரண்டு அடி ஆழமுள்ள ஒரு பள்ளத்துக்குள் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை முதல் பள்ளத்தைத் தப்பி இரண்டாவதில் விழுந்தது. மடை இன்ஜின் அப்பழுக்கில்லாமல் வேலை செய்தது. விழுகிற பொருள் எப்படி விழ வேண்டுமோ அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் விழுந்தது. நிறுத்தத்தில் நின்ற பயணிகள் இரண்டு பள்ளங்களுக்கு அப்பால் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

"ரோடு ரொம்ப இயல்பா வந்திருக்கு" என்றார் மேலதிகாரிகளில் ஒருவர். "ஆனா ஆட்டம் கொஞ்சம் கஷ்டமா இருக்கு."

ஜாபிர் மெல்லத் திரும்பி இளம்பரிதியைப் பார்த்தான். இளம்பரிதி திரையைப் பார்த்தபடியே, "குழியை அவரு குழின்னு நெனச்சிட்டாரு" என்றான்.

"குழியைக் குழின்னு நெனைக்காம வேற என்னண்ணே நெனைப்பாங்க?"

பள்ளங்களை மூட அதிக நேரம் ஆகவில்லை. அடுத்த வாரம் ஜாபிர் இளம்பரிதியின் ஊருக்கு வந்தான். வந்தவன் மாடிக்கு ஏறாமல், கீழே மருதையனிடம் உளுந்து விதைப்பு பற்றி விசாரித்துக்கொண்டு நின்றான். ஜாபிருக்கு உளுந்துக்கும் பயறுக்கும் வித்தியாசம் தெரியாது. இளம்பரிதிக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"மேல வா ஜாபிர். சொல்லிடு."

ஜாபிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். "பெரிய இன்ஜினுக்கு மாத்திக் குடுத்தா எடுத்துக்கறாங்களாம்ணே."

"குழியாலயா? மீட்டருக்கே மாத்திடறேன். ரெண்டு வாரம் குடு."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தை ஜாபிரால் பார்க்க முடியவில்லை. ஐந்தடிக் கோழிக்கே அசையாத மனிதன்.

"குழி இல்லண்ணே. அதை அவங்க சிரிச்சிட்டு விட்டுட்டாங்க. நாளைக்கு ஏதாவது போன்ல இது ஓடலன்னா யாரைக் கூப்பிடறதுன்னு கேட்டாங்க. உங்க பேரைச் சொன்னேன். அவருக்குக் காய்ச்சல் வந்தா யாருன்னாங்க."

"எனக்குக் காய்ச்சல்லாம் வராது."

"அதை எழுதிக் குடுப்பாரான்னு கேக்குறாங்கண்ணே."

கீழே சுடர்விழி யாரிடமோ மாத்திரை வேளை சொல்லிக்கொண்டிருக்கும் குரல் கேட்டது. இளம்பரிதி பதிலுக்கு ஒரு வாதத்தைத் தேடினான். பெரிய இன்ஜின் சிறந்தது என்று அவர்கள் சொல்லியிருந்தால் நாள் முழுக்க மறுத்திருப்பான். மடை மோசம் என்று சொல்லியிருந்தால் வரி வரியாக நிரூபித்திருப்பான். அவர்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவன் ஒரே ஆள் என்றார்கள். எவ்வளவு துல்லியமாக எழுதினாலும் ஒருவன் இரண்டு பேராக முடியாது.

"சரி, மாத்து" என்றான்.

"மாத்துறதுக்கும் நீங்கதாண்ணே வேணும்" என்றான் ஜாபிர், தரையைப் பார்த்துக்கொண்டு. "மடை ஃபைலைப் பிரிச்சுப் படிக்கத் தெரிஞ்சவங்க உலகத்துல வேற யாரும் இல்ல."

ஆக, மடையின் ஒரே பயனரை மடையிலிருந்து வெளியேற்றும் பணிக்கு மடையின் ஆசிரியரே நியமிக்கப்பட்டார். தகுதியான விண்ணப்பதாரர் வேறு யாரும் இல்லை.

வேறொருவனாக இருந்தால் கடனே என்று செய்து கொடுத்திருப்பான். இளம்பரிதிக்கு அந்த வித்தை தெரியாது. ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு மரமாகக் கையால் மாற்றுவது அசிங்கமாகப் பட்டதால், மடையில் செய்த எதையும் ஒரே அழுத்தில் பெரிய இன்ஜினுக்கு மாற்றும் கருவி ஒன்றை எழுதினான். குழியைத் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை மீட்டராக்கினான். நிழல் மாறக் கூடாது, பஸ் குலுங்கும் விதம்கூட மாறக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சரி பார்த்தான். சுயமரியாதைக்காக, மாற்றப்பட்ட ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 'மடையிலிருந்து மாற்றப்பட்டது' என்று ஒரு வரி விழும்படி செய்தான். ஜாபிரின் விளையாட்டு பெரிய இன்ஜினின் பெயரைத் தாங்கி வெளிவந்து நன்றாக ஓடியது. விளையாடுகிறவர்கள் கோப்பின் தலையைத் திறந்து பார்ப்பதில்லை.

கருவியையும் வழக்கம்போல் இலவசமாக இணையத்தில் வைத்தான். வைத்துவிட்டு மறந்தும் போனான். சில மாதம் கழித்துப் பார்த்தால், மடையை இத்தனை வருடத்தில் எடுத்தவர்களைவிட, மடையைவிட்டுப் போகும் கருவியை எடுத்தவர்கள் பல மடங்கு. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே யாருமே இல்லாத வீட்டிலிருந்து இத்தனை பேர் எப்படி வெளியேறுகிறார்கள்?

"நல்ல பேர் வாங்கிட்டீங்க" என்றாள் சுடர்விழி. "டாக்டரைவிட டிஸ்சார்ஜ் போடறவருக்குத்தான் எங்க ஆஸ்பத்திரியிலயும் மதிப்பு."

விஷயம் எழில்மொழியின் போன் வந்தபோதுதான் தெரிந்தது. திருவையாற்றுப் பெண், தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கணினி படிக்கிறாள்.

"சார், ஒரு சின்ன உதவி சார். கருவியில மாத்தினா, ஃபைல் மேல உங்க மடை பேரு வருது. அதை எடுத்துடலாமா சார்?"

"ஏம்மா? அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

"எங்க மேம் பெரிய இன்ஜின்லதான் பிராஜெக்ட் பண்ணணும்னு சொல்லியிருக்காங்க சார். இந்த வரியப் பாத்தா மார்க் கட் பண்ணிடுவாங்க."

"நீ எதுல பண்ணே?"

"மடையிலதான் சார். என்னுது எங்க அக்காவுக்கு அரசாங்கத்துல குடுத்த லேப்டாப். பெருசைத் திறந்தா ஃபேன் கத்தும், அப்புறம் அணைஞ்சிடும். மடை சும்மா பறக்குது சார். அதுல செஞ்சு, மாத்தி, காலேஜ் லேப்ல திறந்து காட்டிடுவோம்."

"செய்வோம்னா? எத்தனை பேரு?"

"எங்க கிளாஸ்ல பாதிப் பேரு சார். மடையை ஒரே பென் டிரைவ்லேருந்து எல்லாரும் காப்பி பண்ணிக்கிட்டோம், கருவியை மட்டும் லேப்ல ஒவ்வொரு தடவையும் புதுசா எடுத்துக்குவோம். பக்கத்துக் காலேஜ்லயும் செய்யறாங்க. யாரும் வெளிய சொல்ல மாட்டோம் சார், சத்தியமா."

அவள் அதை ஆறுதலாகச் சொன்னாள். இளம்பரிதி போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தான். மீண்டும் காதில் வைத்துக்கொண்டான். இத்தனை காலம் அவன் தேடிய கூட்டம் இதோ வந்துவிட்டது. அவனைத் தெரியும் என்று சொல்லாமல் இருப்பதாகச் சத்தியம் செய்துகொடுக்கிறது.

"குழிக் கணக்கு கஷ்டமா இல்லியாம்மா?"

"எங்க வீட்டுலயும் மா, குழிதான் சார் சொல்லுவாங்க. அது ஒண்ணுதான் சார் படிக்காமலே புரிஞ்சுது."

"சாயங்காலத்துக்குள்ள எடுத்துடறேன்" என்றான்.

அந்த வரியை எடுப்பது ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவன் முறைப்படி செய்கிறவன். பெயர் வேறு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கருவி முழுவதையும் தேடினான். ஒரு மூலையில் அவனுடைய முதலெழுத்துகள் கிடந்தன, அவற்றையும் எடுத்தான். பழைய கணினி ஒன்றில் ஓட்டிப் பார்த்து, மாறிய கோப்பைத் திறந்து, எந்தக் கல்லூரி ஆசிரியை எப்படிப் புரட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது என்று உறுதி செய்துகொண்டான். பிறகு புதிய பதிப்பை வெளியிட்டான். என்ன மாறியிருக்கிறது என்று ஒவ்வொரு பதிப்புக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறவன், இந்தத் தடவை மட்டும், பெரிய இன்ஜின்காரர்கள் எழுதுவதைப் போலவே, 'சிறு திருத்தங்கள்' என்று எழுதினான்.